காலாவதியான கெட்டிமேளம்

கூச்ச சுபாவம் உள்ளவனுக்கு மைக்செட் தொழிலைப் போலப் பாதுகாப்பான தொழில் வேறு கிடையாது. ஊரே திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தத்தை உண்டாக்கிவிட்டு, பெட்டிக்குப் பின்னால் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், நாயுடுபுரத்தில் இருந்துகொண்டு மலைமேல் நடக்கும் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் இப்படித்தான் பேசாமல் சத்தம் போட்டு வருகிறேன். ஒரே ஒரு முறை மாட்டிக்கொண்டேன். அது என் மச்சினன் கல்யாணத்தில்.

அதற்கு முன்பு வரை என்னிடம் மூன்று அட்டைப்பெட்டி நிறைய சி.டி.கள் இருந்தன. பெரும்பாலும் திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் போய் வாங்கியவை. அவற்றைச் சுமந்து மேடு பள்ளம் ஏறி முதுகு வலி வந்ததும், போனில் பாட்டுக் கொடுக்கும் ஒரு கம்பெனியைத் தெரிந்தவர்கள் காட்டிக் கொடுத்தார்கள். மாதச் சந்தா கட்டினால் வேண்டிய பாட்டையெல்லாம் இறக்கி வைத்துக்கொள்ளலாம். இறங்கிய பாட்டுக்குப் பக்கத்தில் ஒரு பச்சைக் குறி விழும். அதை நான் பத்திர ஆபீஸ் முத்திரை என்றே நினைத்துக்கொண்டேன்.

சி.டி.களை மன்னவனூரில் இருக்கும் என் மாமனாருக்குக் கொடுத்துவிட்டேன். அவருக்குப் பாட்டில் நாட்டமில்லை. பட்டாணித் தோட்டத்தில் குருவித் தொல்லை. சி.டி.யை நூலில் கட்டித் தொங்கவிட்டால் வெயிலில் மின்னும், குருவி கிட்டே வராது. மருமகனாக நான் அவருக்குச் செய்த சீர் இது ஒன்றுதான். (அவர் எனக்குச் செய்ததைப் பற்றி இங்கே பேச்சில்லை.)

"ஒரு பெட்டியாவது வச்சுக்கங்களேன். எல்லாத்தையும் குடுத்துட்டு அப்பறம் முழிக்காதீங்க" என்றாள் என் மனைவி செல்வி.

"எல்லாம் போன்ல கெடக்கு" என்றேன்.

பாட்டுக்கென்றே வைத்திருந்த அந்தப் போனில் சிம் கிடையாது. காரணம் உண்டு. முன்பு அடுக்கத்தில் ஒரு சடங்கு வீட்டில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது செல்வி கூப்பிட்டாள். நான் பதற்றத்தில் எதையோ அமுக்க, "வரும்போது கருவாடு வாங்கிட்டு வாங்க, போன தடவை மாதிரி புழுத்ததா வேணாம்" என்று இரண்டு குழாய் ஸ்பீக்கர்களிலும் கேட்டது. எதிர்மலை அதைத் திருப்பியும் சொன்னது. அன்றோடு சிம்மைக் கழற்றினேன். செல்வியின் போனிலிருந்து நெட் வாங்கிப் பாட்டை இறக்குவேன், பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவேன்.

மச்சினன் முருகேசனுக்குக் கல்யாணம் முடிவானதும், மேளக்காரர்களைக் கீழே வத்தலக்குண்டிலிருந்து கூட்டி வரவேண்டும் என்று மாமனார் கவலைப்பட்டார். அந்த வீட்டில் நான் அதுவரை சோறு போதும் என்று மட்டுமே பேசியிருக்கிறேன். அன்றைக்கு என்னவோ வாய் திறந்துவிட்டது.

"மேளம் எதுக்கு மாமா? நாதஸ்வரம், தவில், கெட்டிமேளம் எல்லாம் எங்கிட்ட இருக்கு. நேர்ல வாசிச்ச மாதிரியே கேக்கும்."

"உங்களை நம்பித்தான் மாப்ளே" என்று அவர் மேளத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பேசாதவன் பேசினால் அப்படித்தான் நம்பிவிடுகிறார்கள்.

கல்யாணம் மாமனார் வீட்டு வாசலில், பந்தல் போட்டு. விடிகாலையிலிருந்து சாமி பாட்டுகள் ஒழுங்காக ஓடின. சரியாக ஏழு மணிக்குப் பாட்டு நின்றது. போனைப் பார்த்தால் பச்சைக் குறி ஒன்றைக்கூடக் காணோம். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. (ஆங்கிலத்தில் என்ன எழுதியிருந்தாலும் எனக்கு அது 'சற்றுப் பொறுக்கவும்'தான்.) பொறுத்தேன். பத்து நிமிடம் பொறுத்த பிறகு, மணப்பெண்ணின் சித்தி ஒருவர், டீச்சர், போனை வாங்கிப் படித்தார்.

"முப்பது நாளைக்கு ஒருக்கா நெட்டுல சேத்துக் காட்டணுமாம்ண்ணே. காட்டலைன்னு எல்லாத்தையும் பூட்டிட்டாங்க."

"நான் வாங்குன பாட்டுங்க அது."

"வாங்கலைண்ணே. சொன்னபடி நடந்துக்கிட்டா கேட்டுக்கங்கன்னு விட்டிருக்காங்க. சம்மதம்னு அமுக்கியிருப்பீங்களே."

அமுக்கியிருந்தேன். கடைசியாகப் போனை நெட்டில் சேர்த்தது முப்பது நாளைக்கு முன்பு, காலை ஏழு மணிக்கு. கல்யாணத்துக்கு ஜோசியர் ஒரு நேரம் குறித்திருக்க, கம்பெனி ஒரு நேரம் குறித்திருக்கிறது.

கேட்டுக்கொண்டிருந்த பெண்ணின் தாய்மாமன், "அப்ப எங்க பிள்ளையையும் முப்பது நாளைக்கு ஒருக்காக் கொண்டாந்து காட்டிட்டுப் போங்க" என்றார். பெண்ணின் அம்மா சிரிக்கவில்லை. தாலி ஏறும் நேரத்தில் யாராவது தும்மினாலும், அபசகுனமாக ஏதாவது சொன்னாலும் காதில் விழக்கூடாது என்பதற்காகத்தான் கெட்டிமேளம்.

"மேளச் சத்தம் இல்லாம எம்பிள்ளை கழுத்துல தாலி ஏறாது" என்றார் அந்த அம்மா. சத்தமில்லாமல் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

அங்கே போனில் பேசத்தான் முடியும், நெட் கிடைக்கும் மேட்டுக்குப் போய் வர அரை மணி நேரம் ஆகும். முகூர்த்தம் முடிய இருபது நிமிடம்தான் இருந்தது. மற்றவர்கள் போனிலெல்லாம் சினிமாப் பாட்டுதான் இருந்தது. செல்வி என்னிடம் வந்து, "அப்பா தோட்டத்துல தொங்குதுல்ல" என்று மட்டும் சொன்னாள். (நல்ல மனைவி என்பவள் 'அப்பவே சொன்னேன்ல' என்பதைப் பிறகு சொல்லிக்கொள்வாள்.)

பட்டு வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் ஓடினேன். பனி இன்னும் விலகவில்லை. நூறு சி.டி.களும் கொடிக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தன. என் கையால் எழுதியிருந்த பெயர்களை மழை கழுவிவிட்டது. முதல் வரிசையில் கைக்கு எட்டிய பத்தின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். தூரத்திலிருந்து பார்த்தவர்கள், மாப்பிள்ளை வீட்டு மருமகன் பட்டாணியைச் செடியோடு தின்கிறான் என்று நினைத்திருக்கலாம்.

கழற்றச் சோம்பல்பட்டு விட்டுவைத்திருந்த பழைய பிளேயர் பெட்டியிலேயே இருந்தது. ஒன்பது சி.டி.கள் கீறல் விழுந்து ஓடவில்லை. பத்தாவதை வேட்டியில் துடைத்துப் போட்டேன். சுழன்றது. ஐயர் கையைத் தூக்கினார். முருகேசன் தாலியை எடுத்தான். நான் சத்தத்தை முழுதாகத் திருகினேன்.

"அன்பார்ந்த சொந்தங்களே, முதல் பந்தி தயார். கை கழுவிவிட்டு வந்து அமரவும்."

என் குரல். மைக்கைப் பிடித்துப் பேச வெட்கப்பட்டு, வருடங்களுக்கு முன்பு கதவைச் சாத்திக்கொண்டு, போர்வைக்குள் உட்கார்ந்து, எல்லா அறிவிப்புகளையும் ஒரே சி.டி.யில் பதிந்து வைத்திருந்தேன். பந்தலில் பாதிப்பேர் எழுந்துவிட்டார்கள். மலைக் குளிரில் விடியக்காலையிலிருந்து உட்கார்ந்திருந்தவர்கள், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நான் பதறி ஒரு பொத்தானை அமுக்க, வெள்ளை நிறக் கார் ஒன்று வழியை மறிப்பதாகவும், உரியவர் உடனே எடுக்குமாறும் என் குரல் கேட்டுக்கொண்டது. ஒருவர் உண்மையாகவே சாவியோடு ஓடினார்.

முருகேசன் தாலியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தான். "மச்சான், கட்டவா, சாப்பிடவா?"

அப்போது என் மாமியார் குலவை போட்டார். அடுத்து பெண்ணின் அம்மாவே போட்டார். பிறகு பெண்கள் எல்லோரும். தாய்மாமன் பந்திப் பக்கம் போய்க் காலிச் சோற்று அண்டாவில் கரண்டியால் அடிக்க, அந்த இரைச்சலில் தாலி ஏறியது. தாலி கட்டியதைப் பார்த்தவர்களைவிட அன்றைக்குச் சாம்பார் ஊற்றியதைப் பார்த்தவர்கள்தான் அதிகம். பெண்ணின் அம்மா போகும்போது, "சத்தம் இருந்துச்சு, அது போதும்" என்றார். நான் பெட்டிக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டேன்.

மறுநாள் தோட்டத்துக்குப் போய், ஒவ்வொன்றாக இறக்கி, பிளேயரில் போட்டுப் பார்த்தேன். இருபது தேறின. கெட்டிமேளம் இரண்டாவது வரிசையில் தொங்கியிருக்கிறது. இப்போது கடைகளில் இவை கிடைப்பதில்லை என்பதால் மாமனாரிடம் கேட்டேன்.

"மாமா, இந்த இருபதையும் நான் திரும்ப எடுத்துக்கிறேன்."

"அது எப்படி மாப்ளே? குடுத்தது குடுத்ததுதான். இப்ப அது எந்தோட்டத்துச் சாமான்."

"தொழிலுக்கு வேணுமே மாமா."

அவர் ஒரு கொடியைத் தூக்கிப் பிஞ்சு பார்த்தார். "வேணுங்கிறப்ப வெள்ளனே வந்து அவுத்துட்டுப் போங்க. சோலி முடிஞ்சதும் வெரசாக் கொண்டாந்து கட்டிரணும். காய் புடிக்கிற நேரத்துல மட்டும் கேக்கக் கூடாது."

சம்மதம் என்று தலையாட்டினேன். இந்த முறை என்ன எழுதியிருக்கிறது என்று முழுதாகப் புரிந்துதான் ஆட்டினேன்.

இன்றைக்கும் எந்தக் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிட்டாலும் நான் முதலில் மன்னவனூர் போய் மேளத்தை அவிழ்த்துக்கொண்டு வருகிறேன். சொந்தத்தில் யாராவது வந்து கல்யாணத்துக்கு நாள் பார்க்க வேண்டும் என்று சொன்னால், செல்வி பஞ்சாங்கத்தை எடுப்பதில்லை. போனை எடுத்து அவள் அப்பாவைக் கூப்பிட்டு, "பட்டாணி எப்பப்பா பறிக்கிறீங்க?" என்று கேட்கிறாள்.