அலமாரிக்குப் பதவி உயர்வு

திறமையை மதிக்கும் நிறுவனம் இந்த உலகத்தில் எங்காவது உண்டா என்று சந்தேகப்படுகிறவர்கள் ஒரே ஒரு முறை நகரக் கால்பந்துக் கழகத்தின் ஆட்டத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். டிக்கெட் சுலபமாகக் கிடைக்கும். கூட்டம் அவ்வளவாக இருப்பதில்லை.

மற்ற கழகங்களில் ஒரு தடுப்பாட்டக்காரர் நன்றாகத் தடுத்தால் என்ன செய்கிறார்கள்? ஓய்வு பெறும்வரை அங்கேயே நின்று தடுத்துக்கொண்டிரு என்று விட்டுவிடுகிறார்கள். நன்றிகெட்ட உலகம். நகரக் கழகத்தில் அந்த அநியாயம் கிடையாது. பின்வரிசையில் யார் நன்றாக ஆடினாலும் உடனே முன்வரிசைக்குப் 'பதவி உயர்வு' கொடுத்துவிடுவார்கள். இடது பக்கம் நின்றவர் ஒரு பருவம் முழுக்க யாரையும் தாண்டவிடவில்லை. மேலே போனார். வலது பக்கம் நின்றவர் அவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். அவரும் போனார். கோல்கீப்பர் ஒரே ஆட்டத்தில் இரண்டு பெனால்டிகளைப் பிடித்துத் தொலைத்தார். மறுவாரமே அவரையும் முன்னால் அனுப்பி கோல் போடச் சொன்னார்கள். பழக்கதோஷத்தில் சொந்த அணி அடிக்கும் பந்தையும் பாய்ந்து பிடித்துவிடுகிறார் என்பது ஒரு சின்னக் குறை. ஆனால் அந்தப் பிடியின் அழகை யாரும் குறை சொல்ல முடியாது.

இந்தக் கொள்கையின் பயனாக முன்வரிசையில் இடநெருக்கடி ஏற்பட்டிருந்தது. பின்வரிசையில், இதுவரை எதையும் தடுத்த வரலாறு இல்லாதவர்கள் மட்டும் பணி மூப்போடு நின்றார்கள்.

இப்படிப்பட்ட கழகத்துக்கு ஏற்ற ரசிகர் ஆஃப்சைடு அண்ணன். பெற்றோர் வைத்த பெயர் வேறு. அணி கோல் வாங்கும்போதெல்லாம் எழுந்து நின்று, வலது கையைத் தூக்கி, "ஆஃப்சைடு" என்று, அதாவது அந்த கோல் செல்லாது என்று, அறிவிப்பது அவர் வழக்கம். பெனால்டியில் கோல் விழுந்தாலும் ஆஃப்சைடுதான். நம்ம ஆளே நம்ம கோலுக்குள் அடித்தாலும் ஆஃப்சைடுதான். அணி இருந்த இருப்பில் அந்தக் கைக்கு ஓய்வே கிடைக்கவில்லை. அவருக்கு வலது தோள் இடது தோளைவிடக் கொஞ்சம் பெரிதாகிவிட்டது என்று அவருடைய தையற்காரர் சொல்கிறார்.

வேலை, லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில். ஒரு காலத்தில் அங்கே மெக்கானிக்காக இருந்தார். சட்டைப் பையில் திருப்புளி எப்போதும் நீட்டிக்கொண்டிருக்கும். லிஃப்ட் கதவில் காதை வைத்தாரென்றால் எந்த மாடியில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். இவ்வளவு திறமையை வைத்துக்கொண்டு கை கறுக்க வேலை செய்வதாவது என்று அவருக்கே ஒருநாள் ரோஷம் வந்தது. மனு மேல் மனு போட்டுத் துணை மேலாளர் ஆனார். இப்போது சுழல் நாற்காலி. எங்காவது லிஃப்ட் நின்றுபோனால், 'தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், விரைவில் சரிசெய்யப்படும்' என்ற அறிவிப்பில் கையெழுத்துப் போட வேண்டியது அவர் பொறுப்பு. அவர் நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து நகரத்தின் உயரமான கட்டடங்கள் பெரும்பாலானவற்றில் அந்தக் கையெழுத்து இடம்பெற்றுவிட்டது. அவருக்கும் அதில் பெருமைதான்.

சிக்கல் வீட்டிலிருந்து வந்தது. ஞாயிறு தவறாமல் மைதானத்துக்குப் போய்விட்டு, தோற்ற முகத்தோடு திரும்பி, இரவுச் சாப்பாட்டில் உப்பில்லை என்று குறை சொல்லும் கணவரை மனைவி பல வருஷம் பொறுத்தாள். கடைசியில் ஒரு நிபந்தனை வைத்தாள்.

"ஜெயிக்கக்கூட வேணாங்க. பருவத்தோட கடைசி ஆட்டத்துல ஒரே ஒரு கோல்கூட வாங்காம இருக்கட்டும். ஆயுசுக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன். வாங்கினாங்கன்னா, அப்புறம் ஞாயித்துக்கிழமையெல்லாம் எங்க அண்ணன் வீட்டுக்கு."

மனைவியின் அண்ணன் நல்ல மனிதர். அவரைக் கண்டு பயப்படக் காரணமே இல்லை. பறவைகளைப் படமெடுப்பது அவர் பொழுதுபோக்கு. ஆனால் அவர் கேமராவைச் சரிசெய்வதற்குள் பறவை பறந்துவிடும். ஆகவே அவரிடம் இருப்பவை கிளைகளின் படங்கள். வருகிறவர்களை சோபாவில் உட்கார வைத்து, டீவியில் ஒவ்வொன்றாகக் காட்டி, "இந்தக் கிளையில இப்பத்தான் உட்கார்ந்திருந்துச்சு மாப்ள" என்பார். ஆஃப்சைடு அண்ணன் ஒருமுறை மாலை முழுக்கக் கிளை பார்த்தவர்.

எனவே கழகம் தன் வருடாந்தரக் கூட்டத்துக்கு 'ரசிகர் பிரதிநிதி' வேண்டும் என்று அறிவித்ததும் முதல் ஆளாகப் போய் நின்றார். இரண்டாவது ஆள் வராததால் போட்டியின்றித் தேர்வானார்.

கழக அலுவலகம் ஆறாவது மாடியில். லிஃப்ட் கதவில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. கையெழுத்து நன்றாக விழுந்திருக்கிறது என்று நினைத்தபடி படியேறினார். மேலே போய்ச் சேர்ந்தபோது நாக்கு வெளியே தள்ளிவிட்டது. தலைவர் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். குடித்து முடித்தவர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"பின்னாடி நின்னு தடுக்க ஒரு நல்ல ஆளா வாங்குங்க சார். ஒரே ஒருத்தர் போதும்."

வாங்காமலா இருக்கிறோம் என்று தலைவர் வருத்தப்பட்டார். வாங்குகிறவர்கள் எல்லாரும் நன்றாகவே தடுத்துவிடுகிறார்கள், அப்புறம் அவர்களைப் பின்னால் வைத்திருக்க மனசு எப்படி வரும் என்று கேட்டார்.

"நல்லா தடுக்கிறாங்கன்னா அங்கேயே விட்டுட வேண்டியதுதானே சார்?"

செயலாளர் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார். கூட்டத்தில் யாரோ ஆபாசமாகப் பேசிவிட்டதைப் போல எல்லாரும் மேஜையைப் பார்த்தார்கள்.

"ஒருத்தன் ஒரு வேலையை நல்லா செய்றான்," என்றார் தலைவர் மெதுவாக. "அதுக்குத் தண்டனையா அதையே செய்யச் சொல்றதா? நீங்களும் உழைச்சுப் படிப்படியா மேல வந்தவர்தானே, உங்களுக்குத் தெரியாததா?"

ஆறு மாடியும் படிப்படியாகவே ஏறி வந்திருந்த ஆஃப்சைடு அண்ணனால் அதை மறுக்க முடியவில்லை. தலையை ஆட்டினார். ஆனால் கிளைகள் கண்முன்னே வந்து அசைந்தன. விடாப்பிடியாகக் கெஞ்சினார். கடைசியில் கழகம் இறங்கி வந்தது. ஒரு தடுப்பாட்டக்காரர் வாங்கப்படுவார், அவர் எவ்வளவு நன்றாக ஆடினாலும் பருவம் முடியும்வரை அவருக்குப் பதவி உயர்வு தரப்படமாட்டாது, ரசிகர்களே கேட்டுக்கொண்டால் தவிர, என்று தீர்மானம் நிறைவேறியது. மனிதாபிமானமற்ற இந்தத் தீர்மானத்துக்குச் செயலாளர் தன் ஆட்சேபத்தைப் பதிவு செய்தார்.

அப்படி வந்தவர்தான் அலமாரி. ஆள் உருவத்துக்கு ஏற்ற பட்டப்பெயர். பிறந்ததிலிருந்து ஒரு கோல்கூட அடிக்காதவர் என்பதால் மலிவாகக் கிடைத்தார். அதிகம் பேசமாட்டார், ஓடவும் மாட்டார். நிற்பார். வருகிற பந்து அவர்மேல் பட்டுத் திரும்பிப் போகும். வருகிற ஆளும் அப்படியே.

கடைசி ஆட்டத்துக்கு மனைவியும் கூடவே வந்தாள். ஆட்டம் முடிந்ததும் அப்படியே தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விடலாம் என்று அவருக்குப் பிடித்த பிஸ்கட் பாக்கெட்டையும் பையில் எடுத்து வைத்திருந்தாள். அவ்வளவு நம்பிக்கை.

முதல் பாதியில் எதிரணி வந்துகொண்டே இருந்தது, அலமாரி நின்றுகொண்டே இருந்தார். ஒருவன் வேகமாக வந்து மோதி, எழுந்து, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனான். கோல் விழவில்லை. ஆஃப்சைடு அண்ணனுக்குக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். இடைவேளை விசில் ஊதியதும் மனைவி பையைத் திறந்தாள். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து அவரிடம் நீட்டினாள். அவர் இடது கையால் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் அழைப்பு வந்தது. ரசிகர் பிரதிநிதி கீழே வந்து அலமாரிக்கு நாலு வார்த்தை பாராட்டிப் பேச வேண்டுமாம். இறங்கிப் போனார். அலமாரி கூச்சத்தோடு வணங்கி, "எனக்கு இங்க நிக்கிறது பிடிச்சிருக்குண்ணே" என்று காதோரம் சொன்னார். தலைவர் மைக்கைக் கையில் கொடுத்தார்.

நன்றி என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம். அதற்குத்தான் வந்தார். ஆனால் மனிதனுக்குச் சந்தோஷம் வந்தால் சும்மா இருக்க முடிகிறதா? இவ்வளவு பெரிய திறமை, ஒரு மூலையில், கைதட்டக்கூட ஆளில்லாமல். பின்னால் நின்றே இப்படியென்றால் முன்னால் போனால் எப்படியிருக்கும்? அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"இப்படிப்பட்ட ஒரு ஆளைப் பின்னாடி நிறுத்தி வச்சிருக்கிறது நமக்குத்தாங்க அசிங்கம்," என்று மைக்கில் சொன்னார். "தம்பியை முன்னாடி அனுப்புங்க."

அரங்கமே எழுந்து கைதட்டியது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைக் கட்டிப்பிடித்தார். மேலே, வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்த மனைவி பிஸ்கட் பாக்கெட்டை மடித்து ரப்பர் பேண்ட் போட்டுப் பைக்குள் வைத்தாள்.

இரண்டாம் பாதியைப் பற்றி விரிவாகச் சொல்வதற்கில்லை. அலமாரி முன்னால் போய், எதிரணியின் கோலுக்கு எதிரே, தனக்குத் தெரிந்தபடி நின்றார். நம்மவர்கள் அடித்த ஒரு பந்துகூட அவரைத் தாண்டி உள்ளே போகவில்லை. பின்னால் அவர் விட்டுப்போன இடத்தில் எதிரணிக்காரர்கள் ஓட வேண்டியிருக்கவில்லை. பேசிக்கொண்டே நடந்து வந்தார்கள். முதல் கோலுக்கு ஆஃப்சைடு அண்ணன் கையைத் தூக்கினார். இரண்டாவதுக்கும் தூக்கினார். அதற்கப்புறம் இறக்கி ஏற்றுவது வீண் என்று தூக்கியபடியே வைத்துக்கொண்டார்.

மைதானத்திலிருந்து நேராக அவள் அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். அண்ணன் வீடு பன்னிரண்டாவது மாடியில். லிஃப்ட் கதவில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. மனைவி கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, 'தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்பதிலிருந்து கையெழுத்துவரை நிதானமாக வாசித்தாள். அவர் தன்னையறியாமல் கதவில் காதை வைத்தார். மூன்றாவது மாடியில் கதவு சரியாகச் சேரவில்லை. ஒரு திருகை இறுக்கினால் ஓடிவிடும். சட்டைப் பையைத் தடவினார். பேனா இருந்தது.

ஏறினார்கள். ஏழாவது மாடித் திருப்பத்தில் அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு திரும்பிய பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தத் தம்பி நல்லாத்தானேங்க தடுத்துட்டிருந்தான்?"

"ஆமா."

"நீங்களும் நல்லாத்தானே ரிப்பேர் பண்ணிட்டிருந்தீங்க?"

அவர் கைப்பிடிக் கம்பியைப் பார்த்தார்.

"அப்போ, நல்லா வேலை செஞ்சிட்டிருந்த ஆளைத் தூக்கி ஒண்ணுத்துக்கும் உதவாத இடத்துல வச்சது யாருங்க?"

ஆஃப்சைடு அண்ணனின் வலது கை தானாக மேலே எழுந்தது. வழக்கமான அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் எழுந்தது. ஆனால் வார்த்தை வரவில்லை. கை மட்டும், வகுப்பில் இதைச் செய்தது யார் என்று வாத்தியார் கேட்டதும் எழுகிற கையைப் போல, அப்படியே நின்றது.

மனைவி அதைப் பார்த்தாள். "சரி, இறக்குங்க," என்றாள். "இன்னும் அஞ்சு மாடி இருக்கு."