மூன்று இடத்தில் வைத்த வீடு

பதிவுசெய்ய இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது என்று கம்பியூட்டர் ஆங்கிலத்தில் எச்சரித்தது. மகேந்திரராசா மாஸ்டர் அதை இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாம் தரமும் வாசித்தார்.

"இஞ்சேருங்கோ, அந்தப் பெட்டியோட பிறகு மினக்கெடலாம். முதல்ல காணி உறுதியை பிரிண்ட் எடுங்கோ. வெள்ளிக்கிழமை கடைசி நாள்." குசினிக்குள்ளிருந்து லீலாதேவி சத்தம் வைத்தார்.

"லைசன்ஸ் இல்லாமலோ?"

"என்ன லைசன்ஸ்?"

"இதுக்கு இன்னும் பதிவு முடியேல்லையப்பா. பதிவில்லாத கம்பியூட்டரில இருந்து எடுத்த உறுதி செல்லாதெண்டு நாளைக்கு ஒருத்தன் சொன்னால்?"

"எவன் சொல்லுவான்?"

"சொல்லுறதுக்கு ஆக்களா இல்லை?"

அம்பிட்டிய ஏற்றத்தில் இருக்கும் எங்கள் லேனில் மாஸ்டரைத் தெரியாதவர் கிடையாது. ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். வீட்டில் டியூசன். அவரிடம் ஒரு கறுப்புக் கோப்பு இருந்தது. வீட்டிலுள்ளோரின் பொலிஸ் பதிவு, டீவி லைசன்ஸ், இப்போது எவரும் கேட்காத ரேடியோ லைசன்ஸ், செத்துப்போன நாயின் லைசன்ஸ் எல்லாம் அதற்குள் தேதிவாரியாகக் கிடந்தன. நாய் செத்த பிறகும் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், "உயிரோட இருக்கேக்க சட்டப்படி இருந்தது எண்டு காட்ட" என்பார்.

கொப்பிகள் விஷயத்தில் இன்னும் மோசம். எழுபத்தேழில் அவருடைய சான்றிதழ்கள் ஒரே ஒரு கொப்பியாகக் கட்டுகஸ்தோட்டை வாடகை அறையில் இருந்தன. அந்த வருடக் கலவரத்தில் அறையோடு எரிந்தன. ஒரு கொப்பி போதாது என்று மாஸ்டர் கற்றுக்கொண்டார். எண்பத்துமூன்றில் இரண்டு கொப்பி வைத்திருந்தார், இரண்டும் ஒரே அலுமாரியில். அலுமாரி எரிந்தது. தொண்ணூற்றைந்தில் மூன்று கொப்பி, மூன்று வீட்டில். ஆனால் மூன்று வீடும் யாழ்ப்பாணத்தில். ஒரே இரவில் முழு ஊரும் எழும்பி நடந்தபோது மூன்றும் போயின. மற்ற நாட்டுக்காரர்கள் இதையெல்லாம் புத்தகம் வாசித்துப் படிக்கிறார்கள். மாஸ்டர் கலவரத்துக்கு ஒரு பாடமாகப் படித்தார்.

இப்போது 2007. மயிலிட்டியில் இருந்த அவருடைய கல்வீடு பதினேழு வருடமாக இராணுவத்தின் அதியுயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. கூரை இருக்கிறதா, சுவர் இருக்கிறதா, ஒருவருக்கும் தெரியாது. காணி உறுதி தொண்ணூற்றைந்து நடையில் தொலைந்தது. வெளியூர் உறவினர் ஒருவர் வீட்டில் மறந்துபோய்த் தப்பிக் கிடந்த போட்டோக் கொப்பியை மாஸ்டர் 2003இல் ஸ்கான் செய்து கம்பியூட்டரில் ஏற்றினார். பிறகு அந்தக் கொப்பியையும் கண்டிக் குளிரில் பூஞ்சணம் தின்றது. காணிக் கந்தோரில் விசாரித்தால் அந்த வருடத்துப் புத்தகம் மட்டும் இல்லையாம். ஆக, கிணறு, மூன்று பலாமரம், ஆறு அறை எல்லாம் சேர்த்து மொத்த வீடும் இப்போது கம்பியூட்டருக்குள் ஒரு படம்.

வலயத்துக்குள் காணி உள்ளவர்கள் உறுதியின் பிரதியை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும் என்ற கடிதம் செவ்வாய்க்கிழமை காலைதான் வந்தது. மூன்று கிழமைக்கு முன் திகதியிட்ட கடிதம்.

கம்பியூட்டரைப் புதுப்பித்ததும் நான்கு கிழமைக்கு முன்தான். பழைய விண்டோஸ் புதுப் பிரிண்டரை ஏற்க மறுத்தது. டவுனில் கம்பியூட்டர் கடை வைத்திருந்த விவேகானந்தன் எக்ஸ்பி போடலாம் என்றான். ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, கைராசிக்காரன். மாஸ்டரின் கம்பியூட்டரை வருடத்துக்கு ஒரு தரம் கடைக்கு எடுத்துப்போய்த் துப்புரவாக்கித் தருவான். அதற்கு ஒரு சதமும் வாங்க மாட்டான்.

"சேர், முழுக் கண்டிக்கும் நூத்தம்பது ரூபா சீடிதாங்க. நீங்க மட்டும் எதுக்கு ஒரிஜினல் கேக்குறீங்க?"

"தம்பி, களவு விண்டோஸ் வைச்சிருக்கிற வசதி தமிழனுக்கு இல்லை."

விவேகானந்தன் சிரித்துவிட்டு ஒரிஜினலையே கொழும்பிலிருந்து எடுப்பித்தான். பழையதை அழிக்குமுன் எல்லாவற்றையும் மூன்று சீடியில் பதிந்து கொடுத்தான். ஒன்று அலுமாரியில், லீலாதேவியின் கூறைச் சேலைக்கு அடியில். ஒன்று பேராதனையில் லீலாதேவியின் தமக்கை சரோஜினிதேவி வீட்டில். ஒன்று அலவத்துகொடையில், பழைய சக ஆசிரியர் ஸெய்னுலாப்தீன் வீட்டில். மூன்று கொப்பி, மூன்று இடம், மூன்று ஊர், இரண்டு மதம். இனி எந்தக் கலவரம் வந்தாலும் ஒன்றாவது மிஞ்சும் என்பது மாஸ்டரின் கணக்கு.

"நாலாவது ஒண்டு உங்களிட்டயும் கிடக்கட்டுமே, தம்பி?"

"ஐயோ, வேணாங்க சேர். எங்ககிட்ட யாரோட கொப்பியும் வச்சிக்கிறதில்லீங்க. நமக்கு எதுக்கு வம்பு?" சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த கடை லைசன்ஸை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே சொன்னான்.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். வீட்டில் இன்டர்நெட் இல்லை. போனில் பதிவு செய்யலாம் என்று பெட்டியே சொன்னது. திரையில் வரும் ஐம்பதுக்கும் மேற்பட்ட இலக்கங்களை வெளிநாட்டு நம்பர் ஒன்றுக்கு வாசிக்க வேண்டும். அங்கிருந்து வேறு இலக்கங்கள் சொல்வார்கள். அவற்றைத் தட்டினால் பதிவு முடிந்தது.

போனின் வயர் முன் விறாந்தை மட்டும்தான் எட்டும். இலக்கங்களைக் கடதாசியில் ஆறு ஆறாக எழுதிக்கொண்டு மாஸ்டர் அங்கே நின்றார். முப்பத்தைந்து வருடம் வகுப்பின் கடைசி வாங்குக்குக் கேட்கப் படிப்பித்த குரல்.

"ஃபோர் செவன் நைன்! டூ டூ ஸீரோ! ஹலோ? நெக்ஸ்ட் குரூப்! எயிட் ஒன் ஒன்!"

லைன் அறுந்தது. மறுபடியும் முதலிலிருந்து. மறுபடியும் அறுந்தது. மூன்றாம் தரம் அவர் போட்ட சத்தத்தில் மேல்வீட்டு நாய் பதில் சொன்னது.

யுத்த காலத்தில், கண்டியில், ஒரு யாழ்ப்பாணத்து மனிதர் வெளிநாட்டுக்கு போன் எடுத்து ஆறு ஆறாக இலக்கம் சொல்கிறார். பொலிசுக்கு யார் சொன்னது என்று கேட்கக் கூடாது. எங்கள் லேனில் ஒன்பது வீடு. ஒன்பதிலும் போன் இருந்தது.

பகல் சாப்பாட்டுக்கு முன்னரே ஜீப் வந்தது. ஒரு சார்ஜனும் ஒரு கான்ஸ்டபிளும். சார்ஜனுக்குத் தமிழ் ஓரளவு வரும்.

"மாஸ்டர், காலையில பொறநாட்டுக்கு நம்பர் குடுத்ததா?"

"ஓம் சேர். லைசன்ஸ் எடுக்க."

"எதுக்கு லைசன்ஸ்?"

"கம்பியூட்டருக்கு."

"கம்பியூட்டருக்கு யாரு லைசன்ஸ் எடுக்கிறது? நாங்களே எடுக்கிறது இல்லையே!"

மாஸ்டர் கறுப்புக் கோப்பைக் கொண்டுவந்து விரித்தார். சார்ஜன் பொறுமையாகப் புரட்டினார். நாயின் லைசன்ஸ் வந்ததும் நிறுத்தினார்.

"இந்த ஆள் எங்க?"

"செத்துப்போச்சு, சேர்."

"எப்பிடிச் செத்தது?"

"வயசு போய், சேர்."

சார்ஜனின் முகத்தைப் பார்த்தால் அதை நம்பினவராகத் தெரியவில்லை. கம்பியூட்டரைத் திறக்கச் சொன்னார். மாஸ்டர் தன் வினாத்தாள் ஒன்றைத் திறந்து காட்டினார். அங்கேதான் ஏழரை. பழைய விண்டோஸில் இருந்த தமிழ் எழுத்துருவைப் புதியதில் போட விவேகானந்தன் மறந்திருந்தான். தமிழ் இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடந்தது.

"மே மொகத்த? என்ன இது?"

"தமிழ், சேர்."

"எனக்குத் தமிழ் எழுத்துத் தெரியும், மாஸ்டர். இது தமிழ் இல்ல. எம், கே, அரைப்புள்ளி, கே, எச். என்ன இது?"

"அம்மா, சேர்."

"யாரோட அம்மா?"

"பொதுவா அம்மா, சேர். ஒரு அம்மா பன்னிரண்டு மாம்பழம் வாங்கினார் எண்டு கேள்வி."

கான்ஸ்டபிள் குறிப்புப் புத்தகத்தில் 'அம்மா' என்றும் 'மாம்பழம் 12' என்றும் எழுதிக்கொண்டான். சார்ஜன் திரையில் விரலை வைத்தார்.

"எல்லாப் பக்கத்திலயும் இந்த எக்ஸ் வருதே. எக்ஸ் யாரு?"

"அதைத்தான் சேர் பிள்ளையள் கண்டுபிடிக்கோணும்."

"சின்னப் பிள்ளைகளையும் சேத்திருக்கா?"

லீலாதேவி தலையில் கைவைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். கம்பியூட்டர் ஜீப்பில் ஏறியது. அலுமாரியைக் கிண்டியபோது கூறைச் சேலைக்கு அடியிலிருந்த சீடியும் அகப்பட்டது. சேலைக்கு அடியில் ஒளித்த சீடி என்றால் வேறு சாட்சி வேண்டுமா? வெள்ளிக்கிழமை ஸ்டேஷனுக்கு வரும்படி சொல்லிவிட்டுப் போனார்கள்.

"நான் அப்பவே சொன்னனான், பிரிண்ட் எடுங்கோ எண்டு."

"பயப்படாதையப்பா. இன்னும் ரெண்டு கொப்பி இருக்கு. இதுக்குத்தானே மூண்டு இடத்தில வைச்சது."

புதன்கிழமை பேராதனைக்குப் போனார். சரோஜினிதேவி படலையிலேயே காத்துக்கொண்டு நின்றார்.

"ஒண்டுக்கும் யோசியாதையும். பொலிஸ் வந்ததெண்டு தங்கச்சி போனில சொன்ன உடனேயே அலுவலை முடிச்சிட்டன்."

"என்ன அலுவல், மச்சாள்?"

"தகரம் வெட்டுற கத்திரிக்கோலால நாலு துண்டா வெட்டினனான். ஒரு துண்டு மகாவலியில, ஒரு துண்டு கக்கூசுக்குள்ள, ஒண்டு குப்பை லொறியில, மற்றது பக்கத்து வீட்டு வாழைக்குக் கீழ. நீர்தானே எப்பவும் சொல்லுறனீர், ஒரே இடத்தில வைக்கக் கூடாதெண்டு!"

மாஸ்டர் தேத்தண்ணி குடிக்காமலே திரும்பினார்.

வியாழக்கிழமை அலவத்துகொடை. ஸெய்னுலாப்தீன் வாசலுக்கு வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். ஆனால் முகத்தை நேரே பார்க்கவில்லை. அவருடைய மனைவி சகீனாதான் வாயைத் திறந்தார்.

"சேர், உங்கட சாமான் பத்திரமா ஈக்கிது. எங்கட ஊட்டயும் சோதின வரும்னு கதச்சாங்க. ஊட்டுக்குள்ள வெச்சாத்தானே தேடி எடுப்பாங்க?"

"அப்ப எங்க வைச்சீங்கள்?"

சகீனா யன்னலால் தோட்டத்தைக் காட்டினார். ஜம்பு மரத்தில், கிளி விரட்டுவதற்கென்று கட்டிய பழைய சீடிகள் பன்னிரண்டு, நூலில் சுழன்று சுழன்று மினுங்கின.

"மரத்தில தொங்குறத எந்தப் பொலிஸ் பாக்கப் போற? ரெண்டு நாளா ஒரு கிளி வரல்ல, சேர்!"

"ரெண்டு நாளா மழையும் பெய்ஞ்சது," என்றார் ஸெய்னுலாப்தீன் மெதுவாக.

எது தன்னுடையது என்று தெரியவில்லை. மேலே எழுதியிருந்த மை கழுவுண்டு போயிருந்தது. பன்னிரண்டையும் பையில் போட்டுக்கொண்டு விவேகானந்தனின் கடைக்கு ஓடினார். பதினொன்றில் கலியாண வீடியோவும் பாட்டும். பன்னிரண்டாவதின் முதுகு கொப்புகளில் உரசி வெள்ளையாக உரிந்திருந்தது. கம்பியூட்டர் அதை விழுங்கிவிட்டு வெறுமனே துப்பியது.

"தம்பி, உங்கட மெசினில ஏதும் மிச்சம் கிடக்காதே? தவறியாவது?"

"சத்தியமா எங்ககிட்ட ஒன்னுமில்லீங்க சேர்." விவேகானந்தன் கண் கலங்கிவிட்டான். மாஸ்டரைப் பார்க்காமல் சுவரையே பார்த்தான். "உங்களுக்குப் போயி நான் பொய் சொல்வேனாங்க?"

நல்ல பிள்ளை, நமக்காக அழுகிறான் என்று மாஸ்டர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே ஸ்டேஷன். சார்ஜன் கடுகடுவென்று இருந்தார்.

"என்ன மாஸ்டர் இது, உங்க மெசின் தொறக்க மாட்டேங்குது? நாள் முடிஞ்சதாம். பதிவு இல்லையாம்."

"அந்தப் பதிவுக்குத்தான் சேர் நான் போன் எடுத்தனான். அதுக்குத்தான் நீங்கள் என்னைப் பிடிச்சனீங்கள்."

"அப்ப இப்ப தொறங்க."

"அதுக்கு ஒரு போன் எடுத்து நம்பர் சொல்லோணும்."

"திரும்பவும் நம்பரா!" சார்ஜன் கதிரையை விட்டு எழும்பியே விட்டார்.

"அப்ப அலுமாரியில எடுத்த சீடியையாவது தாங்கோ, சேர். அதில என்ர வீடு இருக்கு."

"அது கொழும்புக்குப் போச்சு. சோதிக்க."

"எப்ப வரும்?"

"யுத்தம் முடிஞ்சா வரும்."

மாஸ்டர் வெளியே வந்து வாங்கில் இருந்தார். மணிக்கூட்டில் பதினொன்று. பிறகு ஒன்று. பிறகு மூன்றேகால். கடிதம் அனுப்பிய காரியாலயம் நான்கு மணிக்குப் பூட்டும். கறுப்புக் கோப்பு மடியில் இருந்தது. அதைத் திறந்து பொலிஸ் பதிவுப் பத்திரத்தை ஒரு தரம் பார்த்தார், அடுத்த மாதம் வரை செல்லுபடியாகும். மூடினார். மூன்று கலவரத்திலும் அழாத மனிதர், அந்த வாங்கில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, எல்லாரும் பார்க்க அழுதார்.

பதிவேட்டு அறையிலிருந்து ஒரு பெண் கான்ஸ்டபிள் எட்டிப் பார்த்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். வந்து பக்கத்தில் குனிந்து, பழகிய தமிழில் விசாரித்தாள். மாஸ்டர் விக்கி விக்கிச் சொன்னார்: மயிலிட்டி, உறுதி, மூன்று இடம், நான்கு மணி.

"உறுதிதானா? 2003இல ஸ்கான் பண்ணினதுதானே?" என்றாள் அவள். அந்த வருடத்தை மாஸ்டர் அவளுக்குச் சொல்லவே இல்லை.

உள்ளே போனாள். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. நூல் கட்டிய சீடி அடுக்கு ஒன்றோடு திரும்பி வந்தாள். ஒவ்வொன்றின் மேலும் மாஸ்டரின் முழுப்பெயர், விவேகானந்தனின் அழகான கையெழுத்தில்.

"அழாதீங்க மாஸ்டர், கடை லைசன்ஸ் புதுப்பிக்க ஒவ்வொரு வருஷமும் அந்தத் தம்பி உங்க கம்பியூட்டர்ல இருந்து ஒரு கொப்பி இங்க குடுத்துட்டுத்தானே போறது, எந்த வருஷத்தது வேணும்?"