பதினேழு கிழிசல்களும் ஒரு கச்சேரியும்

திருப்பூர்,
18.2.2007, ஞாயிறு

அன்புள்ள அண்ணன் சாமியப்பன் அவர்களுக்குத் தங்கை மருதம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே என் மூட்டுவலி உட்பட எல்லாரும் நலம். வெள்ளகோவிலில் நீங்களும் அண்ணியும் நலமாயிருக்க முருகன் துணை.

“அப்படி என்னதான் பண்றா எம் புள்ள?” என்று போனில் கேட்டீர்கள். நேற்று மாலை இங்கே ஓர் அரங்கத்தில் அவள் குழுவின் கச்சேரியை முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்த பிறகும் எனக்குப் பதில் தெரியவில்லை. இருபத்தைந்து வருடமாகக் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவள், தெரியாததைத் தெரியாது என்றே சொல்லிவிடுகிறேன். ஆனால் என் வார்த்தையை வைத்துத்தான் புதன்கிழமை பெங்களூருக்குக் கார் எடுத்துப் போய் அனுப்ரியாவின் படிப்பை நிறுத்திக் கூட்டி வருவதா, வேண்டாமா என்று முடிவு செய்வேன் என்றீர்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அவளும் மூன்று தோழிகளும் வெள்ளிக்கிழமையே நம் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். குழுவின் பெயர் ‘மூன்றாவது விசில்’. குக்கர் விசிலாம். பெண்கள் வீட்டுக்குள் விழுங்குகிற கோபத்தை வெளியே கத்திப் பாடுவதுதான் பங்க் இசை என்று அனுப்ரியா விளக்கினாள். மேடை உடைகள் ஒரு பை நிறையக் கசங்கிக் கிடந்தன. அயர்ன் பண்ணி வரட்டும் என்று, என் புத்தி, உங்கள் மாப்பிள்ளையின் பனியன் கம்பெனிக்கு அனுப்பிவைத்தேன். அங்கே எந்தத் துணியும் செக்கிங் டேபிளைத் தாண்டித்தான் அயர்னுக்குப் போகும் என்பதை மறந்துபோனேன். செக்கிங்கில் இருப்பவள் உசிலம்பட்டி ஒச்சம்மாள். பதினோரு வருடத்தில் அவள் கண்ணைத் தப்பி ஒரு ஓட்டைகூடக் கப்பல் ஏறியதில்லை. நேற்று நான்கு மணிக்குப் பை அரங்கத்துக்கு வந்தது. பதினேழு கிழிசல்களும் தைத்து, நாற்பது ஊக்குகளும் பிடுங்கி, தொங்கிய நூலெல்லாம் வெட்டி, தனித்தனி பாலித்தீன் கவரில், சைஸ் ஸ்டிக்கரோடு! கிடார் வாசிக்கும் பெண் கவரைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள்.

ஆள் அனுப்பினேன். ஒச்சம்மாள் செக்கிங் பெண்கள் பத்துப் பேரோடு வந்து நின்றாள். இதையெல்லாம் ஏன் தைத்தாய் என்று கேட்டேன்.

“என்னம்மா இப்பிடிக் கேக்குறீக? கிழிஞ்சத அப்பிடியே அனுப்பவா எங்கள உக்கார வச்சிருக்கீக?”

“அது வேணும்னே கிழிச்சதுங்கக்கா,” என்றாள் அனுப்ரியா.

“வேணும்னே கிழிக்க எம் புருசன் ஒருத்தன் பத்தாதா தாயி?”

“செரி, பிரிச்சாவது குடுங்க.”

“தச்சதப் பிரிக்க எனக்குக் கை வராது. ஊக்கு வேணா தாரேன், எண்ணித்தான் வச்சிருக்கேன்.”

பிறகு என்ன, நால்வரும் பள்ளிக்கூடப் பரிசளிப்புக்குப் போகிற மாதிரி விறைப்பாக மேடையேறினார்கள். அந்த அரங்கம் முன்பு பனியன் குடோனாக இருந்தது. அதை நடத்தும் சங்கத்தின் தலைவர் லிங்கசாமி குத்துவிளக்கேற்றி, ஆளுக்கொரு பொன்னாடை போர்த்தி, “மொதல்ல ஒரு முருகன் பாட்டுப் பாடிப்போட்டு ஆரம்பிச்சா நல்லா இருக்குமுங்க” என்றார். அனுப்ரியா டிரம்ஸில் ஓர் அடி அடித்தாள். என் நாற்காலியே நகர்ந்தது. அடுத்த பாட்டுக்குள் லிங்கசாமி காதைப் பொத்திக்கொண்டு வெளியேற, பின்னாலேயே பாதி அரங்கம் எழுந்து போனது.

கடைசிப் பாட்டு அனுப்ரியா எழுதியது, தமிழில். மொத்தமே ஒரு வரி. “ஏ புள்ள, தண்ணி கொண்டா!” அதையே நாற்பது தடவை கத்தினாள். குரல் உங்களுடையது அண்ணா. அதற்குப் பிறகு நீங்கள் செருமுவீர்களே, அதுவும் இருந்தது. செக்கிங் பெண்கள் நாற்காலிமேல் ஏறி நின்று கூடவே கத்தினார்கள். ஒச்சம்மாள், “இன்னொருக்கா தாயி!” என்றாள். இன்னொருக்காவும் நடந்தது. நான் கத்தவில்லை.

என் தலைவலி இன்னும் போகவில்லை. இது இசையும் இல்லை, படிப்பும் இல்லை. புதன்கிழமை போய் அவளைக் கூட்டி வந்துவிடுங்கள். அண்ணிக்கு என் அன்பு. சிவன்மலை முருகன் எல்லாருக்கும் காது கேட்கும் சக்தியை விட்டுவைக்கட்டும்.

தங்கை
மருதம்மாள்

பி.கு.: ஞாயிறு தபால் எடுக்காததால் கடிதம் மேசையிலேயே கிடந்தது. இன்று திங்கள். காலையில் சோபாவிலிருந்து உங்கள் மாப்பிள்ளை, “மருதா, தண்ணி கொண்டா” என்றார். தண்ணீர்ப் பானை அவரிடமிருந்து நான்கடி. நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மறுபடி கேட்டார். மூன்றாம் முறை கேட்டபோது என் பேனா மேசையில் தாளம் போடுவதைக் கவனித்தேன். நிறுத்தவில்லை. அவரே எழுந்தார். டம்ளருக்காக மருந்து அலமாரியைத் திறந்து பார்த்தார். அப்புறம் கண்டுபிடித்துக் குடித்தார். புதன்கிழமை பெங்களூர் போக வேண்டாம் அண்ணா, அவள் படிக்கட்டும். இந்தக் கடிதத்தை அண்ணி கையிலும் கொடுங்கள். இப்போது மணி பதினொன்று. காலி டம்ளர் சோபாவின் கைப்பிடிமேல் இருக்கிறது. அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.