ஆடியில்தான் கப்பல் மலிவு

குப்பம், மாமல்லபுரம் அருகில்.
ஆடி மாதம், புதன்கிழமை மத்தியானம்.

அன்பும் பாசமும் மிக்க அக்கா வினிதாவுக்கு உன் தம்பி சரவணகுமார் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு அம்மாவும் நானும் சுகம். நைனாவைப் பற்றிக் கீழே வருகிறது. அங்கு நீயும் மோகன் மாமாவும் சுகமாக இருக்க கங்கையம்மனை வேண்டுகிறேன். இந்த முறையெல்லாம் பத்தாவதில் படித்தது. இன்ஜினியரிங்கை மூன்றாம் வருஷத்தில் விட்டுவிட்டு வந்தவனிடம் மிச்சமிருக்கிற படிப்பு இதுதான். நீ வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்துவிட்டதால் தபாலில் எழுதுகிறேன். புனேவுக்குப் போய்ச் சேர நாளாகுமாம். நல்லதுதான், அதற்குள் உன் கோபம் கொஞ்சம் ஆறட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். இன்று சாயங்காலம் சென்னை துறைமுகத்திலிருந்து கப்பல் கிளம்புகிறது. நைனா அதில் இல்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். நீ கொடுத்த பணம் போனது போனதுதான், ரீஃபண்ட் கிடையாது. ரீஃபண்ட் இல்லாததை ஏண்டா எடுத்தாய், மூளை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் பிளாக் செய்தாய். அதுதான் கம்மி அக்கா. கம்மியாகப் பார் என்று சொன்னதும் நீதான்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் முடிந்து நைனாவை வெளியே உட்கார வைத்துவிட்டு டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கிட்னியோடு இப்போது இதயமும் சேர்ந்துகொண்டதாம். “அவர் ஏதாவது ஆசைப்பட்டா செஞ்சிடுங்க தம்பி. அடுத்த வருஷம்னு தள்ள வேணாம்” என்றார். இதை உன்னிடம் சொன்னேன், அம்மாவிடம் சொல்லவில்லை. வெளியே வந்து, உனக்கு என்ன நைனா வேணும் என்று கேட்டால் மனுஷன் யோசிக்கவே இல்லை. “இம்மா வருசம் கடலுக்குப் போனேன். ஒரு நாளு சும்மா ஒக்காந்துகினு போவல. பெரிய கப்பல்ல ஏறி கைய கால நீட்டிகினு ஒக்காரணும். எவனாவது மீனு வறுத்து எடுத்தாந்து குடுக்கணும்டா” என்றார். முட்டுக்காட்டுக்குக் கூட்டிப் போய் போட்டிங் விட்டுவிடலாமா என்று கேட்டுப் பார்த்தேன். அவர் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம் எந்த மாசம் கம்மி என்று ராப்பகலாக மொபைலைத் தேய்த்தது நான்தான். மீன்பிடி தடைக்காலத்தில் போட்டெல்லாம் கரையில் கிடக்கும், ஊரே சும்மா இருக்கும், போகலாமே என்றால் அப்போதுதான் ஸ்கூல் லீவு, விலை பனைமரத்தில் நிற்கிறது. தை, மாசியில் கல்யாண ஜோடிகள். மார்கழியில் நியூ இயர் கும்பல். ஐப்பசி, கார்த்திகையில் சல்லிசாகத் தருகிறான், ஆனால் புயல் சின்னம் என்றால் கப்பல் கிளம்பாது, அதுவுமில்லாமல் ஐப்பசிவரை தள்ள எனக்கும் தைரியமில்லை, உனக்கும் இல்லை. மிச்சம் ஆடி. புது ஜோடியைப் பிரித்து வைக்கிற மாசம், ஹனிமூன் கூட்டம் கிடையாது, புடவைக்குப் போடுகிற தள்ளுபடி கப்பலுக்கும் போட்டிருந்தான். டயாலிசிஸ் செவ்வாயும் வெள்ளியும். புதன் சாயங்காலம் ஏறினால் வெள்ளி காலை இறங்கி நேராக ஆஸ்பத்திரி. இவ்வளவு கச்சிதமாக என் வாழ்க்கையில் எதுவும் அமைந்ததில்லை, அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். குடிக்கிறதெல்லாம் கப்பலில் ஃப்ரீ என்று போட்டிருந்தது. நைனாவுக்கு ஒரு நாளைக்கு ஒரு பாட்டில் தண்ணீர்தான். இருந்தாலும் பக்கத்தில் நான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றுவது வழக்கமாக ஆடி கடைசி ஞாயிறு, உனக்கே தெரியும். இந்த வருஷம் ஊர்க்கூட்டத்தில் வருகிற ஞாயிற்றுக்கே முன்னால் தள்ளிவிட்டார்கள். ஏன் என்று கேள். திருப்போரூர் பந்தல்காரர் சீரியல் லைட்டும் மைக் செட்டும் அந்த வாரத்தில் எடுத்தால் கம்மி என்றாராம். நான் கப்பலுக்குப் பார்த்த அதே வாரத்தை ஊர் அம்மனுக்குப் பார்த்திருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை, நைனா காப்பு கட்டாமல் இருந்தால் முடிந்தது. காப்பு கட்டினவன் கூழ் ஊற்றி முடிகிறவரை ஊருக்கு வெளியே ராத்தங்கக் கூடாது. கட்டாதவனுக்கு அந்தப் பேச்சே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நைனா சும்மா வேடிக்கை பார்க்கத்தான் கோவிலுக்குப் போனார். பூசாரி மஞ்சள் கயிற்றோடு வரிசையாக வந்துகொண்டிருக்கிறார், இவர் பழக்கதோஷத்தில் கையை நீட்டிவிட்டார். அதிலும் டயாலிசிஸ் ஊசி குத்துகிற இடது கையில் எதுவும் கட்டக் கூடாது என்று நர்ஸ் சொன்னதை ஞாபகமாக வைத்துக்கொண்டு வலது கையை நீட்டியிருக்கிறார். அது ஞாபகம் இருந்தது. கப்பல் ஞாபகம் இல்லை. வீட்டுக்கு வந்து கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்ப் படுத்துவிட்டார்.

நான் விடவில்லை. ஊருக்குத் தீர்ப்பு சொல்கிற நாட்டார் தனக்கோடி பெரியப்பா வீட்டு வாசலில் நாலு பேரைக் கூட்டிவைத்து பாயிண்ட் பாயிண்டாகப் பேசினேன். வடக்கே நம்ம எல்லை உப்பங்கால்வாய், தெற்கே பனந்தோப்பு, மேற்கே ஈசிஆர் ரோடு, கிழக்கே எல்லைக்கல் எங்கே கீது, காட்டுங்க பெரியப்பா என்றேன். எல்லாரும் கடலைப் பார்த்தார்கள். கல் இல்லை. அப்போ கடல் நம்ம ஊருதானே, கடல்ல படுத்தா ஊருக்குள்ள படுத்த மாதிரிதானே என்றேன். உன் தம்பி வக்கீலுக்குப் படித்திருக்கலாம் அக்கா, அதையும் பாதியில் விட்டிருப்பான், அது வேற. பெரியப்பா ரொம்ப நேரம் மோவாயைத் தடவினார். “நம்ம போட்டு எங்க நின்னாலும் நம்ம ஊருதான். இந்தக் கப்பலு எந்த ஊருது?” என்றார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சென்னை என்று சொல்லியிருக்கலாம். நமக்கு எல்லாம் தெரியும் என்கிற திமிரில், கூகுளில் பார்த்ததை அப்படியே ஒப்பித்தேன், ஏதோ வெளிநாட்டுத் தீவில் பதிவு பண்ணினது, அந்த நாட்டுக் கொடிதான் பறக்கும் என்று. “அப்ப அது வேற ஊருடா” என்று சொல்லிவிட்டு அவர் வெற்றிலைக்குக் கை நீட்டினார். முடிந்தது.

பெரியப்பா கெட்டவர் இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன். ராத்திரி சோற்று நேரத்துக்கு வீட்டுக்கே வந்தார். நைனா பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து, “அறுத்துப் போட்டுட்டுப் போயேன் சிவா. ஆத்தாவுக்குத் தெரியாதா உன் ஒடம்பு? ஊர நான் பாத்துக்கறேன்” என்றார். நானே கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நைனா கையை இழுத்துக்கொண்டார். “எவன் போட்டுனா கவுந்தா, காப்ப அறுத்தவன்னு எம் பேரத்தான் சொல்லுவானுங்க. செத்த பெறவும் சொல்லுவானுங்க” என்றார். செத்த பெறவும் என்று அவர் சொன்னதும் அம்மா அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை அக்கா, ஆனால் அவளுக்குத் தெரியும். பேஜாராப் போச்சு. அன்றைக்கு வைத்த மீன் குழம்பை யாரும் தொடவில்லை.

ஆகையால் கேட்டுக்கொள்வது என்னவென்றால், இனிமேல் கப்பல் என்கிற பேச்சையே எடுக்காதே. எந்த மாசம் கம்மி, எந்த மாசம் ஜாஸ்தி என்று என்னைக் கேட்காதே. நைனாவும் விட்டுவிட்டார். கப்பலாவது மயிராவது, டிவியில் காட்டுவான், பார்த்துக்கலாம் என்று நேற்று ஆஸ்பத்திரி பஸ்ஸில் அவரே சொன்னார். நீயும் மனசை ஆற்றிக்கொள். மோகன் மாமாவுக்கு என் வணக்கம். அம்மாவின் ஆசி உங்கள் இருவருக்கும் உண்டு. அம்மன் அருளால் எல்லாம் நல்லபடி நடக்கும் என்று எழுதி முடிப்பது முறை, எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
பிளாக் செய்யப்பட்ட உன் தம்பி,
சி. சரவணகுமார்.

பின்குறிப்பு: மேலே எழுதினதையெல்லாம் வுடு. கவரை ஒட்டப் போறேன், கட்டில்ல நைனாவைக் காணோம். பாத்ரூம்ல இல்ல, கோவில்ல இல்ல. கரைக்கு ஓடினா என் ஃப்ரெண்டு அரசுவோட ஃபைபர் போட்டும் இல்ல. தூரத்துல கப்பல் லைட்டு போட்டுகினு தெற்க போவுது, ஒரு தெருவே நகர்ற மாதிரி. அம்மா பக்கத்துல வந்து நின்னு கடலயே பாத்துகினு இருந்தா. விளக்கு வச்சு ரொம்ப நேரம் கழிச்சுத்தான் போட்டு வந்துது. நடுவுல ஒரு பிளாஸ்டிக் சேரு, அதுல நைனா, கால நீட்டிகினு. நைனா கூப்டா எப்பிடிடா மாட்டேன்றது, ஆனா அவர ஒரு கயித்தக்கூட தொட வுடல மச்சான்னு அரசு சொல்றான். அம்மா சோத்துத் தூக்குல வறுத்த வஞ்சிரம் குடுத்து அனுப்பிச்சிருக்கா, எங்கிட்ட மூச்சு வுடல. நம்ம கடலு, நம்ம போட்டு, ராத்தங்கவும் இல்ல, காப்பு கையிலயே கீது. நைனாவத் தூக்கி இறக்கறப்போ ஒடம்பு வெயிட்டே இல்ல அக்கா. “கப்பலு கிட்ட வரிக்கும் போனோம், மேல பூரா ஜனம்டா. எல்லாரும் சும்மாதான் ஒக்காந்துகினு கீறானுங்க”ன்னாரு. அப்பறம் மணல்ல ஒக்காந்து மூச்சு வாங்கிகினே, “அடுத்த வருசம் எந்த மாசம்டா கம்மி?”ன்னு கேட்டாரு. ஆடிதான் நைனான்னு சொன்னேன். நீ இப்பவே டிக்கெட் போட்டு வை. கூழ் எப்பன்னு பெரியப்பாவ கேட்டுக்கறேன். ரீஃபண்ட் இல்லாததே எடு, அதான் கம்மி.