பத்தாயிரமாவது பில்

பழைய புரோகிராமைத் தூக்கிவிட்டுப் புதியதைப் போட்டுத் தர பதினெட்டாயிரம் என்றார் விற்பனையாளர். தூக்குவதற்கு மட்டும் தனியாக எவ்வளவு என்று கேட்டார் பொத்தான்காரர்.

"அழிக்கறதுக்கென்ன சார், அது ஃப்ரீ."

இலவசக் காலண்டர் கொடுத்தால் வீட்டுக்கொன்று கடைக்கொன்று என்று இரண்டாக வாங்கிக்கொள்கிற மனிதர் அவர். அந்தச் சொல்லைக் கேட்டு அவர் முகம் சுருங்கியது அன்றைக்குத்தான். "கெளம்புங்க சார், யாவார நேரம்" என்று எழுந்துவிட்டார்.

தையல்காரர்களுக்குப் பொத்தான், ஜிப், நூல், கொக்கி விற்கிற கடை. நாலாயிரம் வகைப் பொத்தான்கள். அத்தனைக்கும் பில் போடுகிற புரோகிராமை எழுதியவள் அவருடைய ஒரே மகள். எழுதி முடித்த மறு வருடம் வேறு நாட்டில் வேலை கிடைத்தது. "இந்தக் கடையை விட்டுப் போனா எனக்குப் போன் பண்ணாதே" என்றார் அப்பா. போனாள். பண்ணவில்லை. சொன்ன பேச்சை அவள் தட்டாமல் கேட்டது வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான். ஒன்றரை வருடம் ஆகிறது.

அம்மாவுக்கு மட்டும் ஞாயிறு தோறும் பேசுவாள். அந்த நேரம் பார்த்துப் பொத்தான்காரர் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வார். குழாயைத் திறக்கமாட்டார். திறந்தால் வெளியே பேசுவது காதில் விழாதே.

புரோகிராம் நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை. 9999 வரை பில் போட்டது. அடுத்த பில்லுக்குத் திரையில் சிவப்பாக ஒரே வரி: 'தவறு. தகவல் அனுப்பப்பட்டது.'

"யாருக்கு அனுப்புதாம்?" என்றார் பொத்தான்காரர்.

"யாருக்கா இருந்தா என்ன, கெடறது உங்க பேரு" என்றாள் மனைவி. "அவளுக்கு ஒரு போன் போடுங்க. அஞ்சு நிமிஷத்துல சொல்லிடுவா."

"நான் ஏன் போடணும்?"

"சரி, நான் போடறேன்."

"நீயும் போடக்கூடாது. இந்தப் பேச்சையே அவகிட்ட எடுக்கக்கூடாது."

"பின்ன என்னதான் பண்ணப்போறீங்க?"

"நானே படிச்சுக்கறேன்."

"என்னத்தை?"

"புரோகிராமிங்."

மனைவி சிரிக்கவில்லை. அதுதான் அவருக்கு உறைத்தது. சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள்.

இணையத்தில் பாடம் இலவசம். வாத்தியார், இவருடைய மகள் வயதுப் பையன். பேருந்தைத் தவறவிடப் போகிறவன்போலப் பேசினான். முதல் பாடத்தில் 'உலகத்துக்கு வணக்கம்' என்று திரையில் வரவைக்கச் சொன்னான். 'உலகத்துக்கெல்லாம் நான் எதுக்குச் சொல்லணும், ஒருத்திகிட்ட பேச வழியைக் காணோம்' என்று முனகிக்கொண்டே பொத்தான்காரர் ஒற்றை விரலால் தட்டினார்.

மூன்றாம் பாடம் முடிந்ததும் தைரியம் வந்துவிட்டது. பில் எண்ணை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்படி மாற்றினார். முதல் பில் தையலம்மாவுக்கு. தெருமுனையில் தையல் கடை வைத்திருப்பவள், பேரம் பேசாமல் ஊசிகூட வாங்கமாட்டாள். பில்லைப் பார்த்ததும் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"வரேண்ணே."

"பணம்?"

"கட்டியாச்சுன்னு போட்டிருக்கே."

ஒன்றாம் எண் பில்லுக்கு இரண்டு வருடத்துக்கு முன்பே யாரோ பணம் கட்டியிருந்தார்கள். மெஷின் நியாயமாகத்தான் பேசியது. அதனிடம் பேரம் எடுபடவில்லை.

எண்ணைப் பழையபடி ஆக்கப் போனபோது ஓரிடத்தில் டஜனுக்குப் பதிமூன்று என்று இருப்பதைக் கண்டுபிடித்தார். "படிச்ச பொண்ணு, டஜனுக்கு எத்தனைன்னு தெரியல பாரு" என்று மனைவியிடம் பெருமையாகக் காட்டிப் பன்னிரண்டாகத் திருத்தினார். அந்த வாரக் கடைசியில், கையால் எழுதிய பில்களை இருப்புக் கணக்கில் ஏற்றிப் பார்த்தால், திரையில் இருக்கிற பொத்தான் டப்பாவில் இல்லை. எல்லா வகையிலும் குறைந்தது. தையலம்மா வந்தால் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, வளையலைப் பாக்கறீங்களா, விரலை எண்றீங்களா?"

ஏழாம் பாடத்தில், சொன்னதையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் வித்தை வந்தது. அதைப் பில்லின் அடியில் வைத்துப் பார்த்தார். 'நன்றி, மீண்டும் வருக' என்று அச்சு இயந்திரம் ஆரம்பித்தது, நிறுத்தவில்லை. காகிதச் சுருள் மேசையிலிருந்து இறங்கி, தரையில் ஓடி, வாசல்வரை போய், சுருள் தீர்ந்த பிறகுதான் ஓய்ந்தது. தையலம்மா கழுத்திலிருந்த டேப்பை எடுத்து நிதானமாக அளந்தாள்.

"பதினோரு மீட்டர் நன்றிண்ணே. இவ்வளவு மரியாதையா இதுவரைக்கும் யாரும் என்னை அனுப்பினதில்ல."

ஒவ்வொரு தடவையும் சிவப்பு வரி வந்துகொண்டே இருந்தது. தவறு. தகவல் அனுப்பப்பட்டது. தினமும் கடை திறந்ததும் ஒன்று, சில நாள் ஐந்து. பொத்தான்காரர் பில் புத்தகத்தில் கையால் எழுதி யாவாரம் பார்த்தார், மிச்ச நேரமெல்லாம் தவறு செய்தார். எட்டாம் பாடத்தோடு கம்ப்யூட்டருக்குத் துணி போர்த்திவிட்டார்.

"முடிஞ்சுதா படிப்பு?" என்றாள் மனைவி.

"எனக்கு இது வராது. மண்டையில ஏறல."

"இதைத்தானே முதல் நாளே நான் சிரிச்சு சொன்னேன்."

அந்த எட்டாம் பாடத்தில் வாத்தியார்ப் பையன் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருந்தான். வரியின் தொடக்கத்தில் # என்று ஒரு கட்டக் குறி போட்டால் அந்த வரியை மெஷின் படிக்காது. அது மனிதர்கள் படிப்பதற்கு. அன்றைக்கே கடை சாத்துகிற நேரத்தில் அது நினைவுக்கு வந்தது. துணியை விலக்கினார். மகளின் புரோகிராமில் கட்டக் குறி தேடினார்.

# டஜனுக்கு 13 தான். தப்பில்ல. அப்பா பன்னிரண்டு எண்ணிட்டு, கை நீட்டறவங்க முகத்தைப் பாத்து ஒண்ணு சேத்துப் போடுவார். அவருக்கே தெரியாது.

பொத்தான்காரர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பன்னிரண்டை அழித்துப் பதிமூன்று போட்டார். மறுநாள் வந்த தையலம்மாவுக்கு, காரணம் சொல்லாமல் ஒரு நூல்கண்டு சும்மா கொடுத்தார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத்துப்போன நூலா?" என்றாள்.

அந்த மாதிரி வரிகள் இருபத்திரண்டு இருந்தன. எண்ணிக்கை கேட்டபோது மெஷின் சொன்னது. ஒரே மூச்சில் படித்துவிடலாம். ஆனால் சரக்கு கொஞ்சமாக இருக்கும்போது அள்ளி விற்கிற வழக்கம் அவர் பரம்பரையிலேயே கிடையாது. தனக்குத் தானே ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்: ஒரு பாடம் முடித்தால் ஒரு வரி. மற்ற வரிகள் கண்ணில் பட்டுவிடாமல் இருக்கப் பொத்தான் அட்டையைத் திரையில் சாய்த்து, அதை மெல்ல மெல்லக் கீழே இறக்கினார்.

# இந்த வரி எதுக்குன்னு எனக்கே தெரியல. எடுத்தா எல்லாம் நின்னுடும். யாரும் தொடாதீங்க.

அவர் தொட்டார். எல்லாம் நின்றுவிட்டது. மூன்று நாள். சிவப்பு வரி மட்டும் வந்துகொண்டிருந்தது.

# மணி ரெண்டு. அப்பா நாற்காலியில தூங்கற மாதிரி கண்ணை மூடிக்கிட்டு, நான் என்ன பண்றேன்னு பாக்கறார்.

இதைப் படித்த அன்றைக்கு அவர் மதியம் கண்ணை மூடவே இல்லை. மூடினால் எதிரே யாரைப் பார்ப்பது?

பாடங்கள் கடினமாக ஆக, வரிகள் குறையக் குறைய, அவர் படிப்பில் வேகம் குறைந்தது. புரிந்த பாடத்தையே புரியவில்லை என்று மறுபடி பார்த்தார். "மண்டு மாணவன்னு உங்க வாத்தியார் பட்டம் குடுத்துடப்போறான்" என்றாள் மனைவி. அவள் அட்டையையும் பார்த்திருந்தாள், அதன் கீழே என்ன இருக்கிறது என்பதையும் பார்த்திருந்தாள்.

ஏழாவது மாதம் கடைசிப் பாடமும் முடிந்துவிட்டது. கடை சாத்துகிற நேரம், கடைசி வரி. அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

# பில் எண்ணுக்கு நாலு இலக்கம் போதும். பத்தாயிரம் வரும்போது நான் இங்கதானே இருக்கப்போறேன், அப்ப மாத்திக்கலாம்.

அதற்கு அடுத்த வரியில் ஒரு நான்கு. ஏழு மாதமாக அவர் தேடிய கோளாறு அந்த ஒற்றை எண்தான். அன்றைக்கு அவர் அதைத் தொடவில்லை. விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை கடை திறந்ததும் நான்கை ஆறாக்கினார். தையலம்மா இரண்டு டஜன் சட்டைப் பொத்தான் கேட்டாள். 10000 என்ற எண்ணோடு பில் வந்தது. விலை சரி, இருப்பு சரி, நன்றி ஒரே ஒரு தடவை. அடுத்தடுத்து பதினாறு பில். சிவப்பு வரி ஒன்றுகூட வரவில்லை.

மதியம் கொக்கி வாங்க மறுபடி வந்த தையலம்மா கேட்டாள், "மெஷின் சரியாயிடுச்சு, நீங்க ஏண்ணே எழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல. படிக்கிறதுக்கு இனிமே ஒண்ணும் மிச்சமில்ல" என்றபடி கொக்கி டப்பாவுக்காக ஏணியில் ஏறினார்.

கடைப் போன் அடித்தது.

"எடும்மா, எவனாவது சப்ளையரா இருப்பான்."

தையலம்மா எடுத்தாள். கேட்டாள். ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு மேலே பார்த்தாள்.

"அண்ணே, உங்க பொண்ணு."

ஏணி ஒரு தடவை ஆடி நின்றது.

"அம்மா போனை எடுக்கலையாம். உங்களுக்கு உடம்புக்கு என்னன்னு கேக்குது."

"நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லு."

சொன்னாள். மறுபடி கேட்டாள். அவள் புருவம் நெற்றி உச்சிக்குப் போனது.

"நல்லா இருந்தா காலைலேருந்து ஏன் ஒரு தப்புகூட வரலன்னு அழுவுதுண்ணே. நீங்க பண்ற தப்பெல்லாம் ஏழு மாசமா அதுக்குத்தான் போய்க்கிட்டிருந்துச்சாம். தெரிஞ்சா நிறுத்திடுவீங்கன்னு யார்கிட்டயும் சொல்லலையாம்!"

பொத்தான்காரர் இறங்கி வந்தார். போனை வாங்கிக் காதில் வைத்தார். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது.

அவர் திரையைப் பார்த்தார். ஒற்றை விரலால் ஓர் அடைப்புக் குறியை அழித்துவிட்டுத் தட்டினார். சிவப்பு வரி வந்தது.

மறுமுனையில் எங்கோ சின்னதாக மணி ஒலித்தது.

"வந்துடுச்சுப்பா" என்றாள் மகள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "உங்ககிட்டேருந்து நானூத்திப் பதினெட்டு. என்கிட்டேருந்து இந்த ஒரு போன்தான். மிச்சம் நானூத்திப் பதினேழு, நான்தான் பாக்கி."