கின்போவுக்குக் கண்டம் வந்த கதை

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. பொய்யென்றால் என் பால்தேநீரில் தினம் ஒரு ஈ விழட்டும். மாஜோங் சீட்டாடும் மேசையில் நாலாவது ஆள் குறைந்தாலும் என்னை யாரும் கூப்பிடாமல் போகட்டும். இதற்குமேல் ஒரு கிழவன் என்ன சத்தியம் செய்ய முடியும்?

ஹாங்காங்கில் ட்ராம் ஓட்டும் கின்போவின் வீடு கொஞ்சம் சின்னது. ஃபிரிட்ஜைத் திறக்க வேண்டுமானால் குளியலறையில் இருப்பவர் வெளியே வர வேண்டும். அதிலும் அவன் மனைவி லாய்குன் மூன்றடி நீளத்துக்கு ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்திருந்தாள். மருமகள் தேடுகிறவள் மாதிரி, ஒவ்வொன்றையும் பொருத்தம் பார்த்துத்தான் உள்ளே விடுவாள். பக்கத்துப் பவளத்தைக் கொட்டுகிற பவளங்கள் உண்டு. அவற்றை, கல்யாண விருந்தில் சண்டைக்கார அத்தைகளை உட்கார வைப்பதுபோல் ஆளுக்கொரு மூலையில் வைத்தாள். நடுவில் இரண்டு கோமாளி மீன்கள், நீலப்பொடியன் என்கிற குட்டி மீன் ஒன்று, இறால் ஒன்று. வீட்டிலேயே அமைதியான இடம் அந்தத் தொட்டிதான்.

கின்போவுக்கு அது பொறுக்கவில்லை. சோபா அவள் தேர்வு. திரைச்சீலை அவள் தேர்வு. அவன் போட்டிருக்கும் பனியன்கூட அவள் தேர்வு. தண்ணீருக்குள்ளாவது என் ஆட்சி நடக்கட்டும் என்று சபதம் செய்து, தங்கமீன் தெருவில் மோக்கின் வளர்ப்புமீன் கடைக்குப் போனான்.

“மோக் அண்ணே, அந்த மஞ்சள் கல் என்ன விலை?”

“கல் இல்ல தம்பி, தவளைமீன்.”

“நீந்தலையே?”

“நீந்தாது. உட்கார்ந்தா உட்கார்ந்த இடம்தான்.”

கின்போவின் நெஞ்சு உருகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கின்போவை அச்சில் வார்த்த மாதிரி இருந்தது அந்த மீன்.

“இதையே குடுங்க.”

“வேணாம்ப்பா. அது தனிக்குடித்தன மீன். மத்ததோட சேராது.”

“நகராத மீன் யாரோடண்ணே சண்டை போடும்?”

“அது வாயைப் பாத்தியா?”

“லாய்குனோட பன்னிரண்டு வருஷமா இருக்கிறவன் நான். என்கிட்ட போய் வாயைப் பத்திப் பேசறீங்களே!”

வாங்கி வந்து தொட்டியில் விட்டான்.

“இது யாரு?” என்றாள் லாய்குன்.

“என் மீன்.”

“பொருத்தம் பாத்தீங்களா?”

“பத்துப் பொருத்தமும் பாத்தாச்சு!”

மறுநாள் நீலப்பொடியனைக் காணோம். அதற்கடுத்த நாள் கோமாளி மீன்கள் இரண்டையும் காணோம். மஞ்சள் மீன் மட்டும், விருந்து முடிந்த மாப்பிள்ளை போல ஒரு மூலையில் சாய்ந்திருந்தது.

கின்போவுக்கு வேர்த்தது. மீனுக்காக அல்ல, மக்காவ் பயணத்துக்காக. ட்ராம் பணிமனை நண்பர்களோடு சனிக்கிழமை கிளம்பி, கடலுக்கு அக்கரையில் இருக்கும் சூதாட்ட ஊரான மக்காவில் இரண்டு நாள். ஆறு மாதம் கெஞ்சி வாங்கிய அனுமதி. உண்மை தெரிந்தால் அதோடு பயணம் போச்சு. ஆகவே எல்லா வீட்டிலும் சொல்கிற பழைய நம்பிக்கையைக் கையில் எடுத்தான்.

“அழாத லாய்குன். எனக்கு வர இருந்த கண்டத்தை அதுங்க வாங்கிக்கிச்சு.”

“செத்த உடம்பே காணோமே?”

“சின்னக் கண்டம்னா மீன் செத்து மிதக்கும். பெரிய கண்டம்னா மீனையே தூக்கிட்டுப் போயிடும்!”

லாய்குன் மார்பில் கை வைத்தாள். “ஐயோ, அவ்ளோ பெரிய கண்டமா!” ஓடிப்போய் ஊதுபத்தி கொளுத்தினாள். அவனுக்குக் கோழி சூப் வைத்தாள். வழுக்கையைத் தடவிக் கொடுத்தாள். கின்போ தன் மூளையை நினைத்துத் தானே மெச்சிக்கொண்டு மூன்று கிண்ணம் குடித்தான்.

வெள்ளிக்கிழமை அவன் பையை எடுத்தான். அவள் அதைப் பிடுங்கினாள்.

“எங்க கிளம்பறீங்க? மீனுக்கு வந்தது தண்ணிக் கண்டமாத்தானே இருக்கும்? மக்காவுக்குக் கப்பல்லதானே போகணும்?”

“பாலம் இருக்கே! பஸ்ல போறேன்.”

“பாலத்துக்குக் கீழ என்ன ஓடுது? பாயசமா?”

“கண்டம்தான் தீந்துடுச்சேடி!”

“தீந்திருந்தா அந்த இறால் ஏன் பம்புக்குப் பின்னாடி ஒளிஞ்சு நடுங்குது? உங்க உயிர் எனக்கு முக்கியங்க!”

கின்போ வாயைத் திறந்தான். உண்மையைச் சொன்னால் மக்காவ் இல்லை. சொல்லாவிட்டாலும் மக்காவ் இல்லை. திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டான். தவளைமீனும் அதே நேரம் வாயை மூடியதாகச் சொல்கிறார்கள். அதை நான் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை லாய்குன் பூப்போட்ட புதுச் சட்டையில் வந்து நின்றாள். வாசலில் அவள் அக்கா, கறுப்புக் கண்ணாடியோடு.

“உங்க இடத்த வீணாக்குவானேன்? நானும் அக்காவும் போயிட்டு வரோம். உங்க நண்பர்கள்கிட்ட பேசி டிக்கெட்டை என் பேருக்கு மாத்தி, அக்காவுக்கும் ஒண்ணு வாங்கியாச்சு.”

“ஏய், உனக்கு மட்டும் தண்ணிக் கண்டம் கிடையாதா?”

“என் மீனுங்க எல்லாம் நல்லாப் பொருத்தம் பாத்து வாங்கினதுங்க.”

லிஃப்ட் வரை போனவள் திரும்பி வந்தாள். தொட்டிக் கண்ணாடியில், மஞ்சள் மீனுக்கு நேரே, விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

“நாங்க வர்ற வரைக்கும் இதுக்கு இரை போட்டுடாதீங்க. உங்க கண்டம் மொத்தத்தையும் தின்னுட்டு, வயித்தத் தூக்க முடியாம கிடக்கு.”

இதை யார் சொன்னதென்று யாராவது கேட்டால் என் பேரை எடுத்துவிடாதீர்கள், ஐயா. தினமும் நான் அவன் ட்ராமில்தான் ஏறி இறங்குகிறேன்.