முடிவெடுக்காத காடு

ஒரு காட்டில் கட்சி மாறாத மிருகங்கள் வாழ்ந்து வந்தன. எந்தத் தேர்தல் வந்தாலும் அவற்றின் ஓட்டு கொம்புக் கட்சிக்குத்தான். மான்கள் கொம்புக்குப் போட்டதில் ஆச்சரியமில்லை. முயல்களும் போட்டன. "தூரத்திலிருந்து பார்த்தால் எங்கள் காதும் கொம்பு மாதிரித்தானே இருக்கு" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டன.

அந்தக் காட்டில் கட்சி இருந்தது, தண்ணீர் இல்லை. கோடை வந்தால் மலையிடுக்கு வழியாக அடுத்த காட்டுக்குப் போய்த்தான் குடித்துவிட்டு வரவேண்டும். அந்த இடுக்கில் ஒரு புதருக்குள் சிறுத்தை படுத்திருக்கும். அதற்கு வேட்டை என்று தனியாக அலைச்சல் கிடையாது. வாயைத் திறந்து வைத்தால் போதும்.

மரிக்கொழுந்து என்ற பெண்மான் அந்த வழியில்தான் தன் தங்கையைப் பறிகொடுத்தது. அழுது தீர்த்துவிட்டு நேராகக் கொம்புக் கட்சி வேட்பாளரிடம் போனது. அவர் கொம்பையா என்ற காட்டெருமை.

"அண்ணே, எங்களுக்கு ஒரு குளம் வெட்டிக் குடுங்க. தண்ணிக்குப் போன என் தங்கச்சி திரும்பி வரல."

கொம்பையா கண்கலங்கினார். "உன் தங்கச்சி எனக்கும் தங்கச்சிதாம்மா. ஆனா நீங்க நம்ம ஆளுங்க. குளம் வெட்டினாலும் எனக்குத்தான் போடுவீங்க, வெட்டலன்னாலும் எனக்குத்தான் போடுவீங்க. இதே தொகுதியில இருக்கிற அடுத்த காட்டுக்காரன் அப்படியா? இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கிட்டே இருக்கான். அவனைப் பிடிச்சு நிறுத்தவே எனக்கு நேரம் சரியா இருக்கு."

மான் அங்கிருந்து வால் கட்சி வேட்பாளரிடம் போனது. அவர் கிளைச்சாமி என்ற குரங்கு. மரத்தின் மேலிருந்தபடியே பேசினார்.

"நீங்க எங்களுக்கு ஒரு தடவையாவது போட்டிருக்கீங்களா? உங்க காட்டுல நான் எதுக்கும்மா மண்ணு தோண்டணும்? என் தண்ணியக் குடிச்சிட்டு, தெம்பா நடந்துபோய்க் கொம்புக்குக் குத்துவீங்க."

இரண்டு பேரும் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் மரிக்கொழுந்துக்கு எரிச்சலாக இருந்தது.

திரும்பும் வழியில் கருத்துக் கணிப்புக் கிளி எதிர்ப்பட்டது. முன்பு கூண்டிலிருந்து வந்து சீட்டு எடுத்துக்கொண்டிருந்த கிளி அது. பேர்தான் மாறியிருந்தது, வேலை பழையதுதான்.

"அக்கா, இந்த வாட்டி யாருக்கு?" என்று மைக்கை நீட்டியது.

கொம்புக்குத்தான் என்று வாய்வரை வந்தது. மரிக்கொழுந்து அதை விழுங்கிக்கொண்டு, "இன்னும் முடிவு பண்ணல" என்றது.

கிளி மைக்கைத் தவறவிட்டது. இந்தக் காட்டில் அப்படி ஒரு பதிலை அது கேட்டதே இல்லை. பொழுது சாய்வதற்குள் செய்தி எங்கும் பரவியது. கொம்புக் கோட்டையில் விரிசல்!

மறுநாள் காலை கொம்பையா யானைகளைக் கூட்டிக்கொண்டு வந்து மேற்கே தோண்ட ஆரம்பித்தார். அது தெரிந்து கிளைச்சாமி காட்டுப்பன்றிகளைத் திரட்டி வந்து கிழக்கே தோண்டினார். ஒருவரை ஒருவர் முந்தும் வேகத்தில் இரண்டு பள்ளமும் நடுவில் முட்டிக்கொண்டன. அந்த இடத்தில் ஊற்று பீறிட்டது. ஆளுக்கொரு கரையில் நின்று திறப்பு விழா நடத்தினார்கள்.

மரிக்கொழுந்து தண்ணீரில் வாய் வைத்தது. குளிர்ந்து இருந்தது. தங்கைக்கும் சேர்த்துக் குடிப்பதுபோல வெகுநேரம் குடித்தது.

மற்ற மிருகங்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. யார் வந்து கேட்டாலும் "யோசிக்கிறோம்" என்றன. மான்களுக்கு உப்புக்கல் வந்தது. எருமைகளுக்குச் சேறு வந்தது, அதுவும் வண்டியில். வாழ்நாளில் எதையும் யோசித்திராத முயல்கள்கூடக் காதை ஆட்டி ஆட்டி யோசித்தன.

மலையிடுக்குப் பக்கம் யாரும் போகாததால் சிறுத்தை மட்டும் இளைத்துக்கொண்டே போனது.

தேர்தல் நாள் வந்தது. மரிக்கொழுந்து முகம் கழுவிக்கொண்டு வாக்குச்சாவடிக்குக் கிளம்பியது. பூச்செவி என்ற முயல் வழிமறித்தது.

"எங்கம்மா போற?"

"ஓட்டுப் போட."

"புத்தி கெட்டுப் போச்சா? போட்டுட்டா முடிவு பண்ணிட்டோம்னு ஆயிடாதா? அப்புறம் எவன் நம்மளத் திரும்பிப் பாப்பான்?"

"ரெண்டு பேருமே தோண்டினாங்களே, யாருக்காவது போட வேணாமா?"

"யாருக்குப் போடுவ, சொல்லு பாப்போம்!"

மானுக்குச் சொல்லத் தெரியவில்லை. முதலில் பொய்யாகச் சொன்னது இப்போது மெய்யாகிவிட்டிருந்தது. மற்றவர்களோடு குளக்கரைக்கே திரும்பிப் போனது.

சாவடியில் கொக்குகள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தன. வாசலில் கட்டிய கயிறு காற்றில் ஆடியது. சாவடியை மூடும் நேரத்தில் சிறுத்தை வந்தது. ஆளில்லாத வரிசையிலும் ஒழுங்காக வளைந்து வளைந்து நடந்து வந்து நின்றது. மை வைக்கும் கொக்கு மைக்குப்பியோடு மேசைக்குப் பின்னால் பதுங்கியது.

"பயப்படாதே. இன்னைக்கு நான் வாக்காளன்" என்று சிறுத்தை தன்மையாக நகத்தை நீட்டியது.

ஓட்டு எண்ணினார்கள். அடுத்த காட்டில் இரண்டு கட்சிக்கும் சரிசமம். இந்தக் காட்டில் பதிவானது ஒரே ஓட்டு. அது வாலுக்கு விழுந்திருந்தது. ஜெயித்த கிளைச்சாமி, மக்கள் எழுச்சியோடு திரண்டு வந்து தீர்ப்பளித்துவிட்டதாகப் பேட்டி கொடுத்தார். பிறகு, திரண்டு வந்தவரை நேரில் பார்த்து நன்றி சொல்லப் போனார்.

"உங்க கோரிக்கை என்னங்க ஐயா?" என்று உச்சிக்கிளையிலிருந்து கேட்டார்.

"அந்தக் குளத்தை மூடணும்."

சிறுத்தைக்கு மரம் ஏறத் தெரியும் என்பதால் கோரிக்கை அங்கேயே ஏற்கப்பட்டது.

காட்டுப்பன்றிகள் மண் தள்ளிக்கொண்டிருந்தபோது மரிக்கொழுந்து ஓடிவந்தது. "சாமி, இது அநியாயம்! காடே இந்தக் குளத்தை நம்பி இருக்கு!"

"இருக்கலாம்மா" என்றார் கிளைச்சாமி, நிஜமான வருத்தத்தோடு. "ஆனா காடு இன்னும் யோசிச்சுக்கிட்டுத்தானே இருக்கு? அவர் முடிவு பண்ணிட்டாரே."

நீதி: ஓட்டு யாருக்கு என்று சொல்லாதவருக்குக் குளம் வெட்டுவார்கள், ஓட்டுப் போட்டவருக்காக அதை மூடுவார்கள். இடைப்பட்ட நாட்களில் தண்ணீரைக் குடித்துக்கொள்ளவும்.